ஒசத்தி பெட்ரோல்

நாங்கள் வாங்கிய கார் மிகச் சின்னது. ஐந்து பேர் உட்காரலாம் என்று காகிதத்தில் இருக்கிறது. அந்த ஐந்தில் இரண்டு பேர் குழந்தைகளாக இருந்தால் மற்ற மூன்று பேரும் மூச்சு விடலாம். ஏற்கெனவே ஏழு வருடம் வேறொருவர் ஓட்டிய வண்டி. வாங்கிய அன்றே முன்பக்க டப்பாவிலிருந்த கையேட்டை எடுத்து முழுவதும் படித்துவிட்டேன். அது என் பழக்கம். ராயபுரத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். கப்பலில் வரும் சரக்குக்கான தாள்களை ஒரு வரி விடாமல் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த வண்டிக்குச் சாதா பெட்ரோல் போதும் என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருந்தது. என் கணவர் அந்தப் பக்கத்தை இன்றுவரை புரட்டியதில்லை. அவருக்கு எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வாயால் சொன்னால் போதும்.

வண்டி ஓட்டுவது நான்தான். கணவரும் கற்றுக்கொள்ளப் போனார். மூன்றாம் நாள் ஓர் இளநீர் வண்டியை இடித்துவிட்டு, தன் கண்ணுக்கும் அந்தப் பயிற்சிக் காரின் கண்ணாடிக்கும் ஒத்துவரவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் கடைசல் மெஷின் ஓட்டுகிறார். இரும்பை நூலளவுக்குச் சரியாகச் சீவி எடுக்கத் தெரிந்த மனிதர். ஆனால் ஃபேக்டரி வாசலைத் தாண்டிவிட்டால் யார் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் அவருக்கு அளவு.

எங்கள் செயலாளர் எப்போதும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டுதான் பேசுவார். ஏதோ வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பு கொடுங்கையூரில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் ஊர்க் குப்பையெல்லாம் மலையாகக் கிடப்பது தெரியும். அது பற்றிக்கொண்டால் துவைத்துப் போட்ட துணி முழுவதும் நாறும். செயலாளர் குப்பைமேடு என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'பின்பக்கம்' என்பார். புகை வந்தால் 'இன்று பின்பக்கம் கொஞ்சம் மூட்டமாக இருக்கிறது, ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும்' என்று சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போடுவார். உறவினர்களிடம் வீடு பெரம்பூருக்குப் பக்கத்தில் என்று சொல்வார்.

நாங்கள் கார் வாங்கிய வாரம் அவர் கீழே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்துப் பார்த்தார்.

"என்ன பெட்ரோல் போடப்போறீங்க சார்?" என்று என் கணவரைக் கேட்டார். சாவி என் கையில் இருந்தது.

"சாதாதான் சார். வேற இன்னா போடறது?"

"தப்பு. இப்போ வர்ற பெட்ரோல்ல என்னென்னமோ கலக்குறான். பிரீமியம் போடுங்க. உள்ளே போய் இன்ஜினை அதுவே கழுவி விட்டுடும். சர்வீஸே தேவைப்படாது. வண்டிங்கிறது நம்ம குழந்தை மாதிரி சார். குழந்தைக்கு ரேஷன் அரிசியா போடுவோம்?"

நான் வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு வீட்டில், ரேஷன் அரிசி தின்று வளர்ந்தவள். கடைசி வரியைக் கேட்டு என் கணவர் தலையாட்டிச் சிரித்தார். அவரும் அதையே தின்றுதான் வளர்ந்தார்.

"புக்குல சாதா போதும்னு போட்டிருக்கு சார்" என்றேன்.

"புக்கு கம்பெனிக்காரன் எழுதுறது மேடம். அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

வண்டியைச் செய்தவனுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது, டயரை உதைத்தவருக்குத் தெரியும். வீட்டில் சண்டை வேண்டாம் என்று அன்று விட்டுக்கொடுத்தேன். அப்படி விட்டுக்கொடுத்ததை அப்போது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் வழக்கமாகப் போடுவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு பங்க்கில். அங்கே நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வேலை செய்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். லாரித் தூசிக்காகத் துப்பட்டாவை மூக்குவரை கட்டியிருப்பாள். கண்கள் மட்டும் தெரியும். முதல் தடவை போனபோது என் ஜன்னலுக்குக் குனிந்து, "சாதாவாக்கா, பிரீமியமா?" என்றாள்.

என் கணவர் என் மடிக்கு மேல் சாய்ந்து, "பிரீமியம்!" என்றார். அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரருக்கு வேண்டியிருந்தது.

அவள் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்: "அக்கா, இந்த வண்டிக்கு சாதாவே போதும்க்கா. நாங்க பிரீமியம் வித்தா எங்களுக்குத்தான் நல்ல பேரு. இருந்தாலும் சொல்றேன். இன்னாத்துக்கு துட்டை வேஸ்ட் பண்ணிகினு?"

"நீ ஊத்துற வேலைய மட்டும் பாரும்மா" என்றார் கணவர்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஊற்றினாள். தனக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் சரக்கை வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் துறைமுக வட்டாரத்தில் பதினாறு வருடத்தில் பார்த்ததில்லை. அதை அப்போதே கணவரிடம் சொல்லியிருக்கலாம். சீட் பெல்ட்டைச் சரி செய்துகொண்டு கிளம்பினேன்.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் எங்கள் வண்டி ஒசத்தி பெட்ரோல் குடித்தது. முதல் மாதம் என் கணவர், "பாத்தியா, எப்டி வழுக்கினு போவுது!" என்றார். ஸ்டீயரிங் பிடித்த எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சுண்டல் தின்றவருக்குத் தெரிந்தது. ஃபேக்டரியிலும் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் அவருடன் வேலை செய்பவர் வீட்டுக்கு வந்தபோது, "உங்க வண்டி பிரீமியம்தான் குடிக்குமாமே?" என்று என்னிடம் கேட்டார். குடிக்கிற கணவனைப் பற்றி விசாரிக்கும் குரலில் கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது, என் கணவர் பூரித்துப்போனார்.

இதற்கிடையே சர்வீஸுக்கு விடவேண்டிய நேரம் ஒரு தடவை வந்து போனது, இன்னொரு தடவையும் வந்து போனது. நான் ஞாபகப்படுத்தும்போதெல்லாம், "அதான் பெட்ரோலே உள்ள கழுவுதே" என்பார். மெஷினுக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிற ஆள் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? நானாவது கொண்டுபோய் விட்டிருக்கலாம். காலை ஆபீஸ், மாலை வீடு, ஞாயிறு துணி என்று நாட்களைக் கடத்தினேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் வண்டி இழுக்க மறுத்தது. மேம்பாலம் ஏறும்போது உறுமும், நகராது. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வருவான். சிக்னலில் நின்றால் வண்டி நடுங்கும். ஒரு டேங்க் ஊற்றினால் முன்பு போன தூரத்தில் முக்கால்வாசிதான் போனது. என் கணவர் வழக்கம்போல செயலாளரிடம் போய்ச் சொன்னார். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஏமாத்துறாங்க சார். பிரீமியம்னு காசு வாங்கிட்டு சாதாவை ஊத்துறாங்க. அங்க நிக்கிறாளே ஒருத்தி, மூஞ்சியை மூடிக்கிட்டு? எந்த ஏரியா அவ?"

"புளியந்தோப்புன்னு நெனைக்கிறேன்" என்றார் கணவர்.

"அப்புறம் என்ன? அந்த ஆளுங்க அப்படித்தான்."

எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார். வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் நடுவில் எத்தனை தெரு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டீயைக் கீழே வைத்திருப்பாரோ என்னவோ. ஆபீஸுக்காக நான் பேச்சை மாற்றிக்கொண்டு வெகு காலமாகிவிட்டது. என்னைப் பார்த்து யாரும் ஏரியா கேட்பதில்லை. கேட்காததை ஒரு சொத்துபோல வைத்திருந்தேன். அதனால் அன்றும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் பங்க்குக்குப் போனோம். நான் ஓட்டினேன். செயலாளர் முன்னால், கணவர் பின்னால். வண்டி நின்றதும் இருவரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"ஏம்மா, எவ்வளவு நாளா இந்த வேலை நடக்குது?" என்று செயலாளர் ஆரம்பித்தார்.

"எந்த வேலை சார்?"

"பிரீமியம்னு சொல்லிட்டு சாதாவை ஊத்துற வேலை."

அவள் முதலில் சிரித்தாள். அவர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு துப்பட்டாவை வாயிலிருந்து இறக்கினாள். "சார், பிரீமியம் ஊத்துற குயா வேற, சாதா ஊத்துற குயா வேற. பில்லுலயே இன்னா பெட்ரோலுன்னு வரும். நான் எப்டி சார் மாத்தி ஊத்த முடியும்? பில்லு இருந்தா காட்டுங்க."

"என்கிட்டயே சட்டம் பேசுறியா? கூப்பிடு மேனேஜரை!"

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். பின்னால் ஆறேழு வண்டி நின்றுவிட்டது. செயலாளரின் சட்டையைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், யார் பக்கம் நிற்பது என்று முடிவுசெய்துவிட்டார். அளந்து பார்க்கவில்லை, பில் கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். "கஸ்டமர் கைல வாயாடுறியா? நாளைலேந்து பம்ப்புல நிக்காத. காத்தடிக்கிற எடத்துக்குப் போ."

"சார், நான் ஒண்ணுமே பண்ணல சார். அந்த அக்கா கைலயே கேளுங்க. மொத நாளே சாதா போதும்னு சொன்னேன் சார்."

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். அவள் சொன்னது உண்மை. ஒரு வார்த்தை போதும். ஆமாம், சொன்னாள். நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே தெரிந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். செயலாளர் போனை எடுத்து அவளைப் படம் பிடித்தார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் படம் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. 'இந்தப் பெண்மணியிடம் எச்சரிக்கை' என்று கீழே எழுதியிருந்தார். முப்பது நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அதில் பாதிப்பேரிடம் கார் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து எண்ணூரில் கணவரின் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு, வேறொரு பங்க்கில் பிரீமியம் ஊற்றிக்கொண்டுதான் போனோம். மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பும்போது, எண்ணூர் நெடுஞ்சாலை நடுவில், இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. வெயில் தார் உருகும் வெயில். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர் தள்ளினார். பின் சீட்டிலிருந்து இறங்கிய மகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "இதுக்குத்தான் பிரீமியமாப்பா?" என்றாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து வலை ஏற்றி வந்த இரண்டு பேர் டிரைசைக்கிளை ஓரமாக விட்டுவிட்டு வந்து கைகொடுத்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒருவர் கேட்டார், "இன்னா நைனா, பெட்ரோல் இல்லியா?" என் கணவர் இன்னும் குனிந்து தள்ளினார்.

அவர்கள் காட்டிய மெக்கானிக் ஷெட் பக்கத்துச் சந்தில் இருந்தது. மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பானெட்டைத் திறந்து, கறுப்பாக இருந்த ஒரு பெட்டியின் நான்கு கிளிப்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து காற்றை வடிகட்டும் ஃபில்டரை உருவினார். அது வெள்ளையாக இருக்க வேண்டுமாம். அடுப்பிலிருந்து எடுத்த செங்கல் போல இருந்தது. தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். சாம்பலும் கரித்தூளும் ஒரு கைப்பிடி கொட்டியது.

"இன்னா சார் இது? அடுப்பை அள்ளி இதுல கொட்டி வெச்சிகிறீங்களா? எத்தினி நாளாச்சு சர்வீஸ் உட்டு?"

"ரெண்டு வருஷம்" என்றேன் நான்.

"நம்ம ஏரியாவுல இன்னா காத்து வீசுதுன்னு தெரிஞ்சும் ரெண்டு வருசமா? அனல் மின்சார சாம்பலு, ஆர்பர்ல எறங்குற கரி, லாரி புகை, அல்லாம் இதுலதான் வந்து குந்தும். ஆறு மாசத்துக்கு ஒரு தபா மாத்தணும்."

என் கணவர் மெதுவாக, "நாங்க பிரீமியம் பெட்ரோல்தான் போடறோம்" என்றார். இன்னும் அதைச் சொல்கிறார்.

மெக்கானிக் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பட்டு வேட்டியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. "சார், மூக்கு அடச்சிகினு கீறவனுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தா மூச்சு வந்துடுமா? பிரீமியம்லாம் பெரிய இன்ஜினு கீற வண்டிக்கு. இதுக்கு இன்னாத்துக்கு?"

புது ஃபில்டர் வாங்கிவரச் சொன்னார். காற்று உள்ளே போகும் வாயில் ஒட்டியிருந்த பிசுக்கைத் துடைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் வண்டி கிளம்பியது. திரும்பும் வழியில் மேம்பாலத்தில் அழுத்தினேன். ஏறியது. என் கணவர் "வழுக்கினு போவுது" என்று சொல்லவில்லை.

அன்று சாயந்திரம், "பங்க்குக்குப் போய்ச் சொல்லிட்டு வரணும்" என்றேன்.

"இன்னான்னு?"

"தப்பு நம்ம மேலன்னு."

"அதான் சரியாயிடுச்சே. வுடு. நானா திட்டனேன்? அவருதான திட்டனாரு."

அவரிடமே போனேன். செயலாளர் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். கேட்டுவிட்டு, "ஃபில்டர் பிரச்சினை வேற, கலப்படம் வேற மேடம். ரெண்டையும் குழப்பக் கூடாது" என்றார். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். "விழிப்புணர்வுக்காகப் போட்டது" என்றார். ஒரு மனிதனால் இவ்வளவு சுலபமாகத் தப்பித்துக்கொள்ள முடியும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பிறகுதான் நானும் அப்படித்தான் இரண்டு வாரம் தப்பித்துக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது.

அந்தச் சாம்பல் ஃபில்டரை நான் படம் எடுத்து வைத்திருந்தேன். குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: 'எங்கள் வண்டி பழுதானதற்குக் காரணம் இதுதான். அந்தப் பெண் எங்களை ஏமாற்றவில்லை. சாதா பெட்ரோலே போதும் என்று முதல் நாளே சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தும் பேசாமல் இருந்தேன். நானும் வியாசர்பாடிக்காரிதான்.' இருவர் மெக்கானிக்கின் நம்பர் கேட்டார்கள். ஒருவர் 'காலை வணக்கம்' என்று பூப்படம் போட்டார். பத்து நிமிடத்தில் என் செய்தி காணாமல் போனது. இனி இந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அவள் படம் மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் ஆபீஸ் முடிந்து நேராகப் பங்க்குக்குப் போனேன். அவள் மூலையில், காற்றடிக்கும் இடத்தில், ஓர் ஆட்டோ டயருக்கு முன்னால் குந்தியிருந்தாள். அந்த வேலை முடியும்வரை நின்றேன்.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம இன்னா."

ஃபில்டரைப் பற்றிச் சொன்னேன். தப்பு எங்கள்மேல்தான் என்றேன். அவள் காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"என்கைல சொல்லி இன்னாக்கா புரோஜனம்? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. அந்த ஆளுகைல சொல்லு." கண்ணாடி அறையைக் காட்டினாள்.

உள்ளே போனேன். புகார்ப் புத்தகம் கேட்டேன். மேனேஜர் தயங்கினார். "எதுக்கு மேடம் அதெல்லாம்? வாயால சொன்னா போதாதா?" போதாது என்றேன். நடந்தது முழுவதையும் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பில் பார்க்காமல், அளந்து காட்டாமல் ஊழியரைத் திட்டியதையும் எழுதினேன். தாள்களோடு பதினாறு வருடம் இருந்ததற்கு அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு தாள் எழுதினேன் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்ததும் மேனேஜரின் முகம் மாறியது. "நாளைக்கே பம்ப்புல நிக்க வெச்சுடறேன் மேடம்" என்றார். இரண்டு வாரத்துக்கு முன்பு செயலாளரிடம் காட்டிய அதே பணிவு.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அசட்டுத்தனம்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். "வண்டிக்குள்ளதான குந்திகினு இருந்த. என் போட்டோவை எங்க வூட்டுக்காரரு தோஸ்து போன்ல பாத்துட்டு வந்து வூட்டுல கலாட்டா. அதுக்கு இன்னா எய்துவ புக்குல?"

ஒரு பைக் காற்றடிக்க வந்து நின்றது. அவள் துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தாள். நான் வண்டிக்கு வந்தேன்.

மேனேஜர் சொன்னபடி செய்தார். அடுத்த வாரம் நான் போனபோது அவள் பம்ப்பில் இருந்தாள். செயலாளர் தன் பெட்ரோல் காரை விற்றுவிட்டு பேட்டரி கார் வாங்கிவிட்டார். பெட்ரோல் புகையால் ஊரே கெட்டுப்போகிறது என்று இப்போது லிஃப்டில் எல்லோருக்கும் சொல்கிறார். பின்பக்கம் மூட்டமாக இருக்கும் நாட்களிலும் சொல்கிறார்.

நான் புகார்ப் புத்தகத்தில் எழுதியது தெரிந்ததும் என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வேற பங்க்குக்குப் போலாமே. அங்க போனா ஒரு மாதிரி கீது" என்றார்.

"ஓட்டறது நான். நான் அங்கதான் போவேன். ஒரு மாதிரி கீதுன்னா நீ எறங்கி பஸ்ல வா" என்றேன்.

ஆபீஸ் பேச்சு வரவில்லை. அவரை நீ என்று சொன்னதும் அன்றுதான். அவர் பஸ்ஸில் போகவில்லை. பங்க்குக்குள் வண்டி நுழைந்ததும் போனை எடுத்து, குனிந்து, எதையோ தீவிரமாகப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார். சாதா ஊற்றி முடித்து நெடுஞ்சாலையில் ஏறும்வரை நிமிர்வதில்லை.